பத்தாயிரமாவது ஆள்

இந்த வருடம் உருளைக்கிழங்கு தோண்டப் போவதில்லை என்று ஜெனோவி முடிவு செய்தார். சாதாரண முடிவு அல்ல. குளியலறைக் கண்ணாடி முன் நின்று, பல் துலக்கும் பிரஷ்ஷைச் செங்கோல் மாதிரி ஏந்தி, வாய் நிறைய நுரையோடு எடுத்த முடிவு. வாய் கொப்பளித்ததும் கரைந்துபோகிற முடிவுகளை அவர் ஏற்கெனவே நிறைய எடுத்திருக்கிறார். இது அந்த ரகம் இல்லை. கொப்பளித்துப் பார்த்தார். கரையவில்லை.

செப்டம்பர் பிறந்தால் லூத்ஸ்க் நகரத்தில் கல்யாணமான ஆண்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் உடம்பு கெடும். ஒருவருக்கு இடுப்பு பிடிக்கும். ஒருவருக்கு முட்டி வீங்கும். பத்து வருடமாகப் பேசாத தம்பியைப் பார்க்க ஒருவர் வெளியூர் கிளம்புவார். எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் கிராமத்தில் ஒரு மாமியார். ஒவ்வொரு மாமியாருக்கும் ஒரு கிழங்குத் தோட்டம்.

ஜெனோவியின் மாமியார் பரஸ்கா அம்மாளுக்கு வெர்பிவ்கா கிராமத்தில் அரை ஏக்கர். முந்தின வருடத்துக்கு முந்தின வருடம் ஜெனோவி முட்டி வலி என்றார். பரஸ்கா அம்மாள் பால் கறக்கும் முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். "உக்காந்துக்கிட்டே தோண்டலாம், மாப்ளே." போன வருடம் மண் ஒத்துக்கொள்ளவில்லை, கையெல்லாம் அரிக்கிறது என்றார். மனைவி யுஸ்தினா ரப்பர் கையுறையை எடுத்து மாட்டிவிட்டாள். முழங்கை வரைக்கும்.

இவ்வளவுக்கும் ஜெனோவி லேசுப்பட்ட ஆள் இல்லை. பதினோரு வருடம் இத்தாலியில் ஓர் அணிக்காகச் சாலைப் பந்தயங்களில் சைக்கிள் ஓட்டியவர். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. ஜெயித்தது உண்டா என்று கேட்கக் கூடாது. ஜெயிப்பது அவர் வேலையே இல்லை. அவர் வேலை தண்ணீர். அணித் தலைவன் பெல்லான்தி கையை மேலே தூக்குவான். உடனே ஜெனோவி கூட்டத்திலிருந்து பின்வாங்கி, அணியின் கார் வரும்வரை நழுவி, எட்டு பாட்டில்களை வாங்கிச் சட்டைக்குள் முதுகுப் பக்கம் செருகிக்கொண்டு, ஒட்டகம் மாதிரி முக்கி முக்கி முன்னேறி, தலைவனின் இடப்பக்கம் போய் ஒன்றை நீட்டுவார். பெல்லான்தி இரண்டு மடக்கு குடித்துவிட்டு மிச்சத்தைத் தன் தலையில் ஊற்றிக்கொள்வான். பத்தாவது நிமிடம் மறுபடி கை. பதினோரு வருடத்தில் ஜெனோவி எடுத்த மிக உயர்ந்த இடம் எண்பத்து நான்கு. அன்றைக்கு எண்பத்து நான்காவதாக வர வேண்டியவனுக்கு டயர் பஞ்சர்.

சாலையோரம் நின்ற சனங்கள் அத்தனை வருடமும் "பெல்லான்தி! பெல்லான்தி!" என்றுதான் கத்தினார்கள். ஒரே ஒரு முறை ஒரு கிழவர் ஜெனோவியைப் பார்த்துக் கத்தினார். "தள்ளிப் போப்பா, மறைக்குது!"

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜெனோவி சமையலறைக்குள் நுழைந்தார். திங்கட்கிழமைக் காலை. யுஸ்தினா வெள்ளரிக்காய் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா போன் பண்ணாங்க. சனிக்கிழமை."

"என்ன சனிக்கிழமை?"

"செப்டம்பர்ல வேற என்ன சனிக்கிழமை இருக்கு? கிழங்கு."

"யுஸ்தினா, உக்காரு. ஒரு விஷயம் பேசணும்."

"நின்னா காது கேக்காதா? சொல்லு."

"இந்த வருஷம் நான் வரல."

"முட்டியா?"

"முட்டி இல்ல."

"இடுப்பா?"

"இடுப்பும் இல்ல. உடம்பு முழுக்க நல்லா இருக்கு."

யுஸ்தினா குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். உடம்பு நன்றாக இருக்கிறது என்று செப்டம்பரில் சொல்லும் புருஷனை அவள் பார்த்ததில்லை. நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"சனிக்கிழமை நம்ம ஊர் சைக்கிள் சங்கத்தோட வருஷப் பயணம்," என்றார் ஜெனோவி. "என்னைச் சிறப்பு விருந்தினரா கூப்பிடறாங்க. நான் முன்னாடி ஓட்டுவேன். முந்நூறு பேர் பின்னாடி வருவாங்க."

"உன்னையா? யாரு கூப்பிட்டது?"

"ஹோர்தி. சங்கத் தலைவர். ஆனா…"

"வா, அந்த 'ஆனா'வுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்."

"இணையத்துல எனக்குப் பத்தாயிரம் ஃபாலோயர் இருக்கணுமாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள. இல்லேன்னா லீவிவ்ல இருந்து யாரோ ஒருத்தனைக் கூப்பிடுவாங்களாம். பேர் தெரிஞ்ச ஆளாம்."

"இப்ப எத்தனை பேர் இருக்காங்க?"

"அறுபத்து மூணு."

"அதுல பனாஸ் அண்ணனோட கணக்கு எத்தனை?"

ஜெனோவி விரல் விட்டு எண்ணினார். "மூணு."

யுஸ்தினா வெள்ளரிக்காயின் நுனியைக் கிள்ளினாள். இன்னொன்றின் நுனியைக் கிள்ளினாள். மூன்றாவதைக் கிள்ளும்போது சொன்னாள்: "பந்தயம் வச்சுக்கலாம், ஜெனிக். பத்தாயிரம் வந்தா நீ சனிக்கிழமை ஒரு கிழங்கைக்கூடத் தோண்ட வேண்டாம். நானே சொல்லிட்டேன். யாரும் உன்னைத் தோண்டச் சொல்ல மாட்டாங்க."

"வரலைன்னா?"

"அம்மா தோட்டம். அதோட ஹாஃபியா சித்தி தோட்டமும்."

ஹாஃபியா சித்தியின் தோட்டத்தில் கிழங்கைவிடக் கல் அதிகம். ஆனாலும் செங்கோல் ஏந்தி எடுத்த ராஜ முடிவு. கையை நீட்டினார். அவள் ஈரக் கையால் பிடித்தாள். பிடித்த கைகளை மூன்றாவது ஆள் தன் கையால் வெட்டிப் பிரித்துவிட்டால்தானே பந்தயம் செல்லும். அந்த நேரத்துக்குப் பக்கத்து வீட்டு பனாஸ் கதவைத் திறந்தார்.

பனாஸ் முப்பது வருடம் மின்கம்பியில் ஓடும் டிராலிபஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பஸ்ஸை விட்டுவிட்டார். ஒலிபெருக்கிக் குரலை விடவில்லை. மூக்கால் அறிவிப்பார்.

"கவனிக்கவும். கதவு திறக்கிறது. உப்பு இருக்கா?"

"அண்ணே, வாங்க, வெட்டுங்க!" என்றார் ஜெனோவி.

பனாஸ் வாசற்படிக்கு வெளியே நின்றபடியே கையை ஓங்கினார். யுஸ்தினா அலறினாள். "வாசப்படிக்கு மேல கையை நீட்டாதீங்கண்ணே! ஆகாது! உள்ள வந்து வெட்டுங்க!"

பனாஸ் உள்ளே வந்தார். ஓங்கினார். வெட்டினார். "பந்தயம் புறப்படுகிறது. கம்பியைப் பிடித்துக்கொள்ளவும்."

செவ்வாய்க்கிழமை வந்தது முதல் வீடியோ. படம் பிடித்தவர் பனாஸ். இடம் ஜெனோவியின் கார் கொட்டகை. தலைப்பு: 'இருக்கையின் உயரம் – ஓர் ஆழமான பார்வை.' நாற்பத்தேழு நிமிடம். ஜெனோவி தொண்டையைச் செருமி, "வணக்கம் நண்பர்களே. இருக்கை என்றால் என்ன?" என்று தொடங்கினார். இருபதாவது நிமிடத்தில்தான் இருக்கை என்றால் என்ன என்பது ஒருவாறு முடிந்தது. உயரத்துக்கு வருவதற்குள் பனாஸ் இரண்டு முறை கொட்டாவி விட்டார். இரண்டும் வீடியோவில் தெளிவாகப் பதிந்தன.

ஆறு பேர் பார்த்தார்கள். ஒருவர் கருத்து எழுதினார். "பின்னாடி இருக்கற இரும்பு அலமாரி விக்கறதுக்கா?"

"பாத்தீங்களா அண்ணே, ஆர்வமா இருக்காங்க," என்றார் ஜெனோவி.

"அலமாரி மேல," என்றார் பனாஸ்.

புதன்கிழமை வீரம். மலையேற்றம் என்று ஒரு வீடியோ எடுப்பதாகத் திட்டம். லூத்ஸ்க்கில் மலைக்கு எங்கே போவது? தோசைக்கல் மாதிரி ஊர். இருப்பதிலேயே உயரம் ஸ்டிர் ஆற்றுப் பாலம். ஜெனோவி பழைய பந்தயச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தப் பாலத்தை ஆல்ப்ஸ் மலையாக நினைத்து ஒன்பது முறை ஏறினார். பனாஸ் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து படம் பிடித்தார்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், போனைத் திருப்பிப் பிடித்திருக்கிறார். பதினோரு நிமிடம் பனாஸின் மீசை. மீசைக்கு மேலே இரண்டு குகைகள். நடுநடுவே குரல்: "வண்டி வருகிறது… வண்டி போகிறது… வண்டி திரும்பி வருகிறது…"

அழிக்கத் தெரியாமல் ஜெனோவி அதை வெளியிட்டுவிட்டார். எட்டு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். "மீசைக்காரர்தான் சாம்பியனா? நல்ல முகம்" என்று ஒரு பெண்மணி எழுதியிருந்தார். பனாஸ் அதை நான்கு முறை சத்தமாகப் படித்தார்.

மொத்தம் எழுபத்தொன்று.

மத்தியானம் ஜெனோவி சமையலறை மேஜையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டார். யுஸ்தினா அடுப்படியில் ஜாடி ஜாடியாய் வெள்ளரிக்காய் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. முழுக்க ஊறுகாய். முகப்படமே ஓர் ஊறுகாய் ஜாடிதான். ஜாடிக்குள் சோம்பு போலக் குடைவிரித்த பூங்கொத்து ஒன்று தலைகீழாகத் தொங்கும். ஜெனோவி அந்தப் பக்கம் எட்டிப்பார்த்ததே இல்லை. ஊறுகாயைத் தின்னலாம், படிக்க முடியுமா? எத்தனை பேர் அதைப் படிக்கிறார்கள் என்றும் அவர் கேட்டதில்லை. வழக்கம்போல் அவளுடைய போன் சர்க்கரை டப்பாவில் சாய்ந்து நின்றது.

"பதினோரு வருஷம், யுஸ்தினா," என்று ஆரம்பித்தார். "மழையில, வெயில்ல, ஆலங்கட்டியில. ஒருத்தனுக்காவது என் பேர் தெரியுமா? ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நாள் எனக்குப் பின்னாடி நாலு பேர் வரணும். என் பேரைச் சொல்லிக் கூப்பிடணும். இது பேராசையா? சொல்லு."

யுஸ்தினா வெள்ளரிக்காயை ஜாடிக்குள் அமுக்கினாள். இரண்டு கையும் வேலையாக இருந்தது. ஒன்றை விடுவித்தாள். திரும்பாமலேயே மேலே தூக்கினாள். முழங்கை மடங்கி, உள்ளங்கை விரிந்து.

ஜெனோவி புலம்பலை நிறுத்தவில்லை. "அந்த பெல்லான்திக்கு இப்ப சொந்தமா ஹோட்டல் இருக்கு…" என்றபடியே எழுந்தார். குளிர்பெட்டியைத் திறந்தார். ஒன்று, இரண்டு, மூன்று… ஆறு பாட்டில்களைச் சட்டைக்குள் முதுகுப் பக்கம் செருகினார். "…எனக்கு என்ன இருக்கு? கொட்டகையில ஒரு அலமாரி…" என்றபடி மேஜையைச் சுற்றி, நாற்காலியை ஒதுக்கி, முதுகு வளைந்து, மனைவியின் இடப்பக்கம் போய் ஒரு பாட்டிலை நீட்டினார். அவள் வாங்கி ஜாடியில் ஊற்றினாள். "…அதையும் விலைக்குக் கேக்கறாங்க," என்று முடித்துத் திரும்பி வந்து உட்கார்ந்தார். முதுகில் ஐந்து பாட்டில் இருப்பது சாய்ந்தபோதுதான் தெரிந்தது.

"அட, இது எப்படி இங்க வந்துச்சு?"

"யாருக்குத் தெரியும்?" என்றாள் யுஸ்தினா. போனை எடுத்தாள். என்னவோ தட்டினாள். மறுபடி வெள்ளரிக்காயிடம் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை பக்கத்தைத் திறந்த ஜெனோவிக்குக் கண்ணாடி போட்டும் நம்ப முடியவில்லை. கழற்றித் துடைத்துப் போட்டார். நாலாயிரத்து முந்நூறு.

"பனாஸ் அண்ணே!" சுவரைத் தட்டினார். "நாலாயிரம்!"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மூக்குக் குரல் வந்தது. "மீசைக்காகவா?"

"இருக்கையின் உயரம், அண்ணே! மெதுவா உள்ள இறங்கியிருக்கு! ஆழமான விஷயம் மெதுவாத்தான் இறங்கும்!"

அன்று சந்தைக்குப் போனார். வேண்டுமென்றே பந்தயச் சட்டையோடு. புளித்த முட்டைக்கோஸ் விற்கும் அம்மாள் அவரைப் பார்த்ததும் கண்ணை இடுக்கினாள். பிறகு முகமெல்லாம் பல்லாகி, ஒரு கையை மேலே தூக்கினாள். ஜெனோவிக்கு உடம்பில் ஏதோ ஓடியது. என்னவென்று தெரிவதற்குள் பையிலிருந்த சோடாவை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டிருந்தார். பக்கத்துக் கடைகளெல்லாம் கை தட்டின.

"தங்கமான மனுஷன்!" என்றாள் முட்டைக்கோஸ் அம்மாள். "எங்க வீட்லயும் ஒன்னு இருக்கே. கையைத் தூக்கினா 'என்ன, கொசுவா?'ன்னு கேக்குது."

டிராலிபஸ் ஓட்டுநர் கையைத் தூக்கினார். தபால் அலுவலகப் பெண் கையைத் தூக்கினாள். போலீஸ்காரர் ஒருவர் கையைத் தூக்கினார். ஜெனோவி வண்டியை நிறுத்தி ஓரம் கட்டினார். போலீஸ்காரரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

"இது ரசிகர்களோட வணக்கம்," என்று மனைவியிடம் விளக்கினார் ஜெனோவி. "கையைத் தூக்கறாங்க. இத்தாலியிலகூட இப்படி ஒரு மரியாதை கிடையாது."

"நெஜமாவா?" என்று யுஸ்தினா வாயைப் பொத்திக்கொண்டாள். பெருமை தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார்.

அன்று மாலை வீட்டுத் தொலைபேசி அடித்தது. ஜெனோவி கொட்டகையில் அடுத்த சொற்பொழிவுக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். 'சங்கிலிக்கு எண்ணெய் – ஏன்?' உள்ளேயிருந்து யுஸ்தினாவின் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. "ஆமாங்க… நான்தான்… முப்பத்தெட்டு கிலோமீட்டர் வரும்… மேடே கிடையாது… போர்ஷ் சூப்பு அம்மா வச்சிருவாங்க… வாளியை மட்டும் கொண்டுவரச் சொல்லுங்க…" அம்மாவோடு கிழங்குப் பேச்சு போலிருக்கிறது என்று ஜெனோவி காதை மூடிக்கொண்டார். கிழங்கு என்றாலே அவருக்கு இப்போது இளக்காரம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒன்பதாயிரத்து எழுநூறு. நாலு மணிக்கு ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம். ஐந்தரைக்கு ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.

அங்கேயே நின்றது.

ஐந்து முப்பத்தைந்து. அசையவில்லை. ஐந்து நாற்பது. ஜெனோவி போனைக் குலுக்கினார். ஐந்து நாற்பத்தைந்து. ஜன்னலருகே கொண்டுபோய்ப் பிடித்தார். பனாஸ் தன் போனை எடுத்தார்.

"கவலைப்படாதே தம்பி, நான் நாலாவது தடவையும் சேர்றேன்."

தட்டினார். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு.

"அண்ணே! என்ன பண்ணீங்க?"

"ஒரு பயணி இறங்கிவிட்டார்," என்றார் பனாஸ் பயந்துபோய்.

"ஏத்துங்க! திரும்ப ஏத்துங்க!"

ஏற்றினார். மறுபடி தொண்ணூற்றொன்பது. ஐந்து ஐம்பத்தைந்து. ஜெனோவியின் கண்முன் ஹாஃபியா சித்தியின் தோட்டம் விரிந்தது. கல் கல்லாகத் தெரிந்தது. யுஸ்தினா மேஜைக்கு எதிரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். புருஷனின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி கடிகாரம்.

"ஐயோ, அடுப்புல கொதிக்குது," என்று எழுந்து உள்ளே போனாள்.

ஐந்து ஐம்பத்தெட்டு. எண் புரண்டது.

பத்தாயிரம்.

ஜெனோவி போட்ட கூச்சலில் மூன்றாம் மாடி நாய் குரைத்தது. பனாஸைக் கட்டிப்பிடித்தார். சுவரைக் கட்டிப்பிடித்தார். கரண்டியோடு வெளியே வந்த மனைவியைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார்.

"யுஸ்தினா! பாத்தியா?"

"பாத்தேன். நான் தோத்துட்டேன்," என்றாள் யுஸ்தினா சாதுவாக. "நாளைக்கு நீ ஒரு கிழங்குகூடத் தோண்ட வேண்டாம். சொன்னா சொன்னதுதான். அந்தச் சட்டையைக் கழட்டிக் குடு, துவைச்சுத் தேய்ச்சு வைக்கறேன்."

கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் யுஸ்தினா "தோத்துட்டேன்" என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போதாவது ஜெனோவி யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. சட்டையைக் கழற்றிக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை லூத்ஸ்க் கோட்டை முன்னால் முந்நூறு சைக்கிள். ஹோர்தி குட்டையான மனிதர். ஆனால் ஒலிபெருக்கியை வாயில் வைத்தால் பந்தய வர்ணனையாளராக வளர்ந்துவிடுவார். மூச்சே விடாமல் பேசுவார்.

"இதோ வந்துகொண்டிருக்கிறார் நாடே கொண்டாடும் நம்ம ஜெனோவி பத்தாயிரம் பேரின் நாயகன் அதோ இறங்குகிறார் காலை ஊன்றுகிறார் அடடா என்ன ஊன்றல்!"

முந்நூறு கைகள் ஒரே சமயத்தில் மேலே போயின. ஜெனோவியின் கை தானாக முதுகுப் பக்கம் போனது. அடக்கிக்கொண்டார். "ஜெனோவி! ஜெனோவி!" கூட்டம் அவர் பெயரைச் சொன்னது. அவருடைய பெயரை. யாரும் தள்ளிப்போகச் சொல்லவில்லை. ஜெனோவி தலைக்கவசத்தைச் சரிசெய்கிற சாக்கில் கண்ணைத் துடைத்தார்.

சில விஷயங்கள் விசித்திரமாகத்தான் இருந்தன. ஒருவர் சைக்கிள் கைப்பிடியில் வாளி தொங்கியது. ஒரு பெண் தோட்டக் கையுறை போட்டிருந்தாள். இரண்டு பேர் முதுகில் மண்வாரி கட்டியிருந்தார்கள். இப்போதைய நாகரிகம் போலிருக்கிறது என்று ஜெனோவி விட்டுவிட்டார்.

"வழியெல்லாம் உங்க வீட்ல சொன்னபடிதான்!" என்றார் ஹோர்தி.

"சரி, சரி," என்றார் ஜெனோவி.

அங்கேதான் பதினோரு வருடப் பழக்கம் அவரைக் குழியில் தள்ளியது. தண்ணீர்க்காரன் வழி பார்க்க மாட்டான். பந்தயம் எந்த ஊரில் முடிகிறது என்றுகூடக் கேட்க மாட்டான். முன்னால் போகிற சக்கரம் எங்கே போகிறதோ அங்கே போவான். இத்தாலி முழுவதையும் ஜெனோவி பெல்லான்தியின் பின் சக்கரமாகத்தான் பார்த்திருக்கிறார். இன்று முன்னால் போனது ஹோர்தியின் கார். ஜெனோவி அதன் பின் சக்கரத்தில் கண்ணை நட்டார். மிதித்தார். பின்னால் முந்நூறு பேர். காற்று முகத்தில். வாழ்க்கை என்றால் இது.

இருபதாவது கிலோமீட்டரில் சாய்ந்து நிற்கிற ஒரு பஸ் நிறுத்தம் வந்தது. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. முப்பதாவது கிலோமீட்டரில் தண்ணீர்த் தொட்டியின் மேல் நாரைக்கூடு. அதையும் எங்கேயோ பார்த்திருந்தார். முப்பத்தேழாவது கிலோமீட்டரில் வேலியோரம் ஒரு வெள்ளாடு நின்றது. ஒற்றைக் கொம்பு. அது ஜெனோவியைப் பார்த்தது. ஜெனோவி அதைப் பார்த்தார். போன வருடம் அவருடைய தொப்பியைத் தின்ற ஆடு.

பிரேக்கைப் பிடிக்க நினைத்தார். பின்னால் முந்நூறு பேர்! பிடித்தால் முந்நூறும் முதுகில்.

"மா…ப்…ளே!" கிராமம் முழுக்கக் கேட்டது. பரஸ்கா அம்மாள் போனிலேயே அடுத்த மாவட்டத்துக்குக் கேட்கும்படி பேசுகிறவள். நேரில் கேட்க வேண்டுமா? "ஒருத்தர் வர்றதுக்கே மூக்கால அழுவீங்க! இப்ப ஊரையே கூட்டிட்டு வந்திருக்கீங்களே! என் ராசா!"

அவளுக்குப் பின்னால் அரை ஏக்கர். அதற்கு நடுவில், இடுப்பில் கை வைத்து, தலையில் துணி கட்டி, யுஸ்தினா. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தே வந்துவிட்டிருந்தாள்.

ஜெனோவி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். "பந்தயம்! பந்தயம், யுஸ்தினா! நான் ஜெயிச்சேன்! பனாஸ் அண்ணன் வெட்டினார்!"

"யார் இல்லேன்னது? உன்னை யாராவது தோண்டச் சொன்னாங்களா?" என்றாள் யுஸ்தினா. "அம்மா, அந்த முக்காலியைக் கொண்டாங்க. ஜெனிக் சிறப்பு விருந்தினர். நிழல்ல உக்காரட்டும். ஒரு கிழங்கைத் தொடக்கூடாது."

முக்காலி வந்தது. ஆப்பிள் மரத்தடியில் போட்டார்கள். அருகே ஒரு குளிர்ந்த தொட்டி. தொட்டி நிறைய தண்ணீர் பாட்டில்கள். ஜெனோவி சந்தேகத்தோடு உட்கார்ந்தார். முந்நூறு பேரும் சிரிப்பும் கும்மாளமுமாக வாளியோடு வரிசை பிடித்து இறங்கினார்கள். மண் புரண்டது. கிழங்கு துள்ளியது. ஜெனோவி கால்மேல் கால் போட்டார். ஜெயித்தது ஜெயித்ததுதான். ஆகா.

தோட்டத்தின் அந்தக் கோடியில் யுஸ்தினா நிமிர்ந்தாள். வியர்வையைத் துடைத்தாள். ஒரு கையை மேலே தூக்கினாள். முழங்கை மடங்கி, உள்ளங்கை விரிந்து.

முக்காலி உருண்டது. ஜெனோவி எழுந்ததே ஜெனோவிக்குத் தெரியாது. தெரிந்தபோது சட்டைக்குள் எட்டு பாட்டிலும், காலடியில் பாதித் தோட்டமும் இருந்தன. இடப்பக்கம் போய் நீட்டினார்.

முந்நூறு பேரும் வேலையை விட்டுவிட்டு ஒரு கணம் பார்த்தார்கள். பிறகு வெடித்தார்கள்.

"அதே மாதிரி! வீடியோவுல இருக்கற அதே மாதிரி!"

"எந்த வீடியோ?" என்றார் ஜெனோவி.

கையுறைப் பெண் தன் போனை நீட்டினாள். அவருடைய சமையலறை. அவருடைய முதுகு. ஆறு பாட்டில். கீழே, 'பதினோரு வருடப் பயிற்சி பெற்ற என் கணவர்' என்று ஒரு வரி. அதற்கும் கீழே ஜெனோவியின் பக்கத்துக்குப் போகும் வழி. ஆறு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். இருக்கையின் உயரத்தை இன்றுவரை பார்த்தவர்கள் ஒன்பது பேர்.

அவர் வாயைத் திறப்பதற்குள் ஐந்தாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பிறகு பன்னிரண்டாவது வரிசையில். பிறகு எல்லா வரிசையிலும்.

"ஜெனோவி! இங்க!"

"ஜெனோவி! எனக்கு!"

பதினோரு வருடம் ஒரு பெல்லான்தி. இன்று முந்நூறு. கால்கள் அவரைக் கேட்கவில்லை. தொட்டிக்கும் தோட்டத்துக்கும், தோட்டத்துக்கும் தொட்டிக்கும், ஒட்டகம் மாதிரி. ஹோர்தி ஒலிபெருக்கியில் "இதோ வளைகிறார் குனிகிறார் நீட்டுகிறார் ஒன்பதாவது சுற்று!" என்று வர்ணித்தார். பரஸ்கா அம்மாளின் அரை ஏக்கர் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. சூடு ஆறுவதற்குள் ஹாஃபியா சித்தி வேலிக்கு மேலாகத் தலையை நீட்டினாள். கையையும் தூக்கினாள். அதுவும் முடிந்தது.

ஜெனோவி ஒரு கிழங்குகூடத் தோண்டவில்லை. தோண்டியவர்கள் எல்லோரும் உட்கார்ந்து போர்ஷ் குடிக்கும்போது அவர் ஒருவரால்தான் உட்காரவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை.

சாயங்காலம் மூட்டை ஏற்ற வந்த பனாஸின் பழைய காரில் திரும்பினார்கள். பின் இருக்கையில் ஜெனோவி. அவர் மடியில் ஒரு மூட்டை. இரண்டு பக்கமும் இரண்டு மூட்டை. முன் இருக்கையில் யுஸ்தினா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள்.

"அடுத்த நிறுத்தம், லூத்ஸ்க்," என்றார் பனாஸ்.

"எப்படியோ," என்றார் ஜெனோவி மூட்டைக்குப் பின்னாலிருந்து. "சமையலறையில ஒளிஞ்சு படம் பிடிச்சே. வழியை மாத்தினே. எல்லாம் சரி. ஆனா பந்தயத்துல ஜெயிச்சது நான். பத்தாயிரம் வந்துச்சா இல்லையா? சரித்திரத்தை மாத்த முடியாது."

"முடியாது, ஜெனிக்," என்றாள் யுஸ்தினா கண்ணைத் திறக்காமல்.

அந்த ஒப்புதல் ஜெனோவியின் முதுகுக்கு எண்ணெய் தடவின மாதிரி இருந்தது. கடைசி நிமிடத்தில் வந்து தன்னைக் காப்பாற்றிய அந்தப் பத்தாயிரமாவது ஆளுக்குப் பெயர் சொல்லி நன்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. மூட்டையின் மேல் போனை வைத்து, பட்டியலைத் தள்ளித் தள்ளி, வெள்ளிக்கிழமை ஐந்து ஐம்பத்தெட்டுக்குப் போனார். முகப்படம் மெதுவாகத் திறந்தது.

ஓர் ஊறுகாய் ஜாடி. உள்ளே தலைகீழாக ஒரு பூங்கொத்து.

"யுஸ்தினா… நீயா?"

"ஒரே ஒரு ஆள் குறைஞ்சுது, ஜெனிக்," என்றாள் யுஸ்தினா, திரும்பாமலே கையைத் தூக்கியபடி. "அந்த ஒரு ஆளுக்காக முந்நூறு பேரை விட்டுட்டு, உன்னை ஒருத்தனை வச்சுக்கிட்டா நான் ரெண்டு தோட்டத்தைத் தோண்டறது?"